குருதியாக்கும் ஊசிமருந்து: அளவறிந்து பயன்கொள்ளல்

முன்னுரை

மருந்து என்னும் பொருளுக்குத் தனி அதிகாரம் வகுத்தவர் திருவள்ளுவர். உடலை இயக்கும் கூறுகள் தத்தம் அளவைக் கடந்தாலும் அவ்வளவை எட்டாது நின்றாலும் பிணி தோன்றும் என்பது அவ்வதிகாரத்தின் முதற்குறள் தரும் கருத்து. மருத்துவம் என்பது நோயாளி, மருத்துவர், மருந்து, அருகிருந்து துணைபுரிவோர் ஆகிய நான்கு உறுப்புகளை உடையது என்பது அதன் இறுதிக்குறள் தரும் கருத்து. இவ்விரண்டையும் அடிப்படையாகக் கொண்டு, சிறுநீரக நோயால் வரும் சோகைக்கு இடப்படும் எரித்ரோபாய்ட்டின் என்னும் ஊசிமருந்தைப் பற்றி இக்கட்டுரை விளக்க முற்படுகிறது.

தமிழ்த்துறை மலரில் மருத்துவக் கட்டுரைக்கு இடமுண்டோ என வினவுவார் இருக்கலாம். இம்மருந்துப் பெட்டியினுள் மடித்து வைக்கப்படும் விளக்கத்தாள் பெரும்பாலும் ஆங்கிலத்தில், கடுகினும் சிறிய எழுத்தில் அமைந்திருக்கிறது. அதனைக் கையில் வாங்குவோரோ நோயாளியின் மனைவியாகவோ தாயாகவோ பள்ளியிறுதி கடந்த மகனாகவோ இருக்கின்றனர். அத்தாளில் உள்ளவை உயிர்காக்கும் எச்சரிக்கைகள். அவற்றை அவர்தம் தாய்மொழியில் எடுத்துரைப்பதும் தமிழ் கற்பிப்போர் கடமைகளுள் ஒன்று என நாம் கருதுகிறோம். நாம் மருத்துவர் அல்லோம். மருந்தின் அளவையும் காலத்தையும் முடிவு செய்வது மருத்துவரின் பொறுப்பே. அவர் சொல்வதைப் பொருளுணர்ந்து கேட்கவும், கேட்கவேண்டிய வினாக்களைக் கேட்கவும் இக்கட்டுரை துணையாகுமாயின் அதுவே போதுமானது.

சோகையும் அதன் வகைகளும்

குருதியின் சிவப்பணுக்களில் உள்ள ஹீமோகுளோபின் என்னும் இரும்புசேர் புரதமே உயிர்வளியை உடலெங்கும் சுமந்து செல்கிறது. இப்புரதம் 100 மில்லிலிட்டர் குருதியில் வளர்ந்த ஆடவர்க்கு 13 கிராமுக்கும், மகளிர்க்கு 12 கிராமுக்கும், கருவுற்ற மகளிர்க்கு 11 கிராமுக்கும் குறையுமாயின் அதனைச் சோகை என உலக நலவாழ்வு நிறுவனம் வரையறுக்கிறது. முகம் வெளுத்தல், படியேறினால் மூச்சு வாங்குதல், நெஞ்சு படபடத்தல், சோர்வு, எதிலும் மனம் ஒன்றாமை ஆகியன அதன் அறிகுறிகள்.

சோகை ஒரே நோயன்று. பல நோய்களின் அடையாளம் அது. நம் நாட்டில் மிகுதியாகக் காணப்படுவது இரும்புச்சத்துக் குறைவால் வரும் சோகை. 2019 முதல் 2021 வரை நடந்த ஐந்தாம் தேசியக் குடும்பநல ஆய்வின்படி, 15 முதல் 49 வயது வரையுள்ள இந்திய மகளிருள் 57 விழுக்காட்டினர் சோகையுற்றோர். இவர்களுள் மிகப் பெரும்பாலோர்க்கு வேண்டுவன சத்துணவும், இரும்புச்சத்து மாத்திரையும், குடற்புழு நீக்கமும், மிகை உதிரப்போக்குக்கு உரிய மருத்துவமுமே. இவர்கள் நாம் இங்குப் பேசும் ஊசியை நாடவேண்டியதில்லை. இவ்வேறுபாட்டை முதலில் மனத்திற்கொள்ளல் வேண்டும். "இரத்தம் ஊறுவதற்கு ஓர் ஊசி இருக்கிறதாமே" என்று கேள்வியுற்று, காரணம் அறியாமலே அதனைக் கேட்டுப் பெற முனைவோர் உண்டு. காரணம் அறியாத சோகைக்கு இவ்வூசியை இடுதல், கூரை ஒழுகும் இடத்தைக் காணாமல் தரையைத் துடைத்துக்கொண்டிருப்பதற்கு ஒப்பாகும்.

சிறுநீரகமும் குருதியும்

சிறுநீரகம் கழிவை அகற்றும் உறுப்பு என்பது யாவரும் அறிந்ததே. அது குருதியாக்கத்தை ஆளும் உறுப்பும் ஆகும் என்பதைப் பலர் அறியார். சிவப்பணு ஒன்றின் வாழ்நாள் ஏறத்தாழ 120 நாள். ஒவ்வொரு நொடியும் ஏறக்குறைய 20 இலட்சம் அணுக்கள் முதிர்ந்து அழிய, அதே அளவு புதியன எலும்பு மச்சையில் பிறக்கின்றன. எத்தனை பிறக்கவேண்டும் என்னும் ஆணை சிறுநீரகத்திலிருந்து செல்கிறது. சிறுநீரகத் திசுவினுள் உள்ள சிறப்புச் செல்கள், தம்மை வந்தடையும் உயிர்வளி குறைவதை உணர்ந்தவுடன் எரித்ரோபாய்ட்டின் என்னும் இயக்குநீரைக் குருதியில் கலக்கின்றன. அது மச்சையை அடைந்து, முதிராத அணுக்கள் அழியாமல் காத்து அவற்றைச் சிவப்பணுக்களாக வளரச் செய்கிறது. அணுக்கள் பெருகி உயிர்வளி நிறைவானதும் சுரப்பு தானே தணிகிறது. தேவைக்கேற்பத் திறந்து மூடும் மதகினைப் போன்றது இவ்வமைப்பு.

நீரிழிவாலும் குருதிக்கொதிப்பாலும் பிறவற்றாலும் சிறுநீரகம் நாட்பட நலியும்போது இவ்வாணை பிறப்பது குன்றுகிறது. மச்சை நலமாக இருந்தும் வேலையற்றுக் கிடக்கிறது. நோயுற்ற உடலில் சிவப்பணுவின் வாழ்நாளும் சுருங்குகிறது. டயாலிசிஸ் எனப்படும் குருதிச் சுத்திகரிப்பின்போது சிறிது சிறிதாகக் குருதி இழக்கப்படுவதும் உண்டு. இவை யாவும் கூடியே சிறுநீரக நோயாளியின் சோகையாக வெளிப்படுகின்றன.

பெயர்ப்பொருள்

எரித்ரோபாய்ட்டின் என்பது கிரேக்க வேர்களிலிருந்து அமைந்த சொல். எரித்ரோஸ் என்றால் சிவப்பு. பொயெயின் என்றால் செய்தல், ஆக்கல். கவிஞனைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லும் இவ்வினையின் வழிவந்ததே என்பது தமிழ் மாணவர் அறிந்து மகிழத்தக்கது. செய்யப்படுவது செய்யுள் எனத் தமிழரும் பெயரிட்டனர். ஆக்கம் என்னும் ஒரே கருத்து ஆங்கே பாட்டுக்கும் குருதிக்கும் பொதுவாயிற்று. ஆதலின் இவ்வியக்குநீரைக் குருதியாக்கி என்று தமிழில் வழங்கலாம். எனினும் மருந்துக்கடையிலும் மருத்துவமனையிலும் வழங்குவது எரித்ரோபாய்ட்டின் என்னும் பெயரும் அதன் சுருக்கமான இ.பி.ஓ. என்பதுமே. நோயாளிகள் அப்பெயரையே நினைவிற்கொள்ளல் நன்று.

கண்டறிந்த வரலாறு

1906ஆம் ஆண்டில் பாரிசு நகரில் கார்னோ, தெஃபிலாந்திரு என்னும் இருவர், குருதி இழந்த முயலின் ஊனீரை நலமான முயலுக்குச் செலுத்தியபோது சிவப்பணுக்கள் பெருகியதாகக் கண்டு, குருதியாக்கத்தைத் தூண்டும் பொருள் ஒன்று உண்டு எனக் கூறினர். நெடுங்காலம் இதனை ஏற்போரும் மறுப்போரும் இருந்தனர். 1953ஆம் ஆண்டில் ஆலன் எர்ஸ்லெவ் மீண்டும் முயல்களைக்கொண்டு இதனை ஐயமற நிறுவினார். 1957ஆம் ஆண்டில் சிக்காகோ நகரில் லியோன் ஜேக்கப்சன், யூஜீன் கோல்டுவாசர் முதலியோர் அதன் பிறப்பிடம் சிறுநீரகம் எனக் காட்டினர்.

இதன்பின் கோல்டுவாசர் மேற்கொண்ட தேடல் இருபதாண்டு நீண்டது. உடலில் இப்பொருள் இருக்கும் அளவோ மிக நுண்ணியது. சோகை நோயாளிகள் சிலரது சிறுநீரில் இது சற்று மிகுதியாக வெளியேறுவதை அறிந்த ஜப்பானிய ஆய்வாளர் தகாஜி மியாகே 2550 லிட்டர் சிறுநீரைத் திரட்டிச் செறிவாக்கி எடுத்துக்கொண்டு சிக்காகோ சென்றார். அதிலிருந்து 1977ஆம் ஆண்டில் சில மில்லிகிராம் அளவே தூய பொருள் கிடைத்தது. அச்சிறு துளியே பின்னர் வந்த அனைத்திற்கும் வித்தாயிற்று. 1983ஆம் ஆண்டில் ஃபூ குவென் லின் என்பார் தலைமையில் அமெரிக்க ஆய்வுக் குழு ஒன்று இதற்குரிய மரபணுவைப் பிரித்தெடுத்தது. அம்மரபணுவைச் சீன ஹாம்ஸ்டர் என்னும் எலியினச் சிற்றுயிரின் சூலகச் செல்களில் புகுத்தி, ஆய்வுக்கலத்தில் வளர்த்து, வேண்டிய அளவு மருந்தை ஆக்கும் வழி பிறந்தது. சியாட்டில் நகர மருத்துவர் ஜோசப் எஷ்பாக் குழுவினர் டயாலிசிஸ் நோயாளிகளிடம் இதனைப் பயன்படுத்திக் கண்ட வெற்றியை 1987ஆம் ஆண்டில் வெளியிட்டனர். 1989ஆம் ஆண்டு சூன் முதல் நாள் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை ஒப்புதல் அளித்தது.

அதுவரை இந்நோயாளிகள் பிறர் குருதியை அடிக்கடி ஏற்றிக்கொண்டே வாழ்ந்தனர். அதனால் உடலில் இரும்பு மிகுந்தது. தொற்றுநோய் அச்சம் இருந்தது. பிறர் திசுவை எதிர்க்கும் எதிர்ப்பொருள்கள் தோன்றிப் பின்னாளில் மாற்றுச் சிறுநீரகம் பொருந்துவது அரிதாயிற்று. இத்துன்பங்களைப் பெரிதும் குறைத்த பெருமை இவ்வூசிக்கு உண்டு.

அளவு கடந்தால்

இனி, நோயாளியின் வீட்டார் பலர் எழுப்பும் வினா ஒன்றனை நோக்குவோம். ஹீமோகுளோபின் 7 கிராமாக இருந்தவர்க்கு ஊசியிட்டு மூன்று மாதங்களில் 10.5 ஆயிற்று. நடக்கிறார், உண்கிறார், பேரப்பிள்ளைகளோடு பேசுகிறார். அந்நிலையில் மருத்துவர் மருந்தைக் குறைக்கிறார். "நலமானவர்க்கு 14 இருக்கிறதே, இன்னும் நான்கு ஊசி போட்டால் இவர்க்கும் 14 ஆகுமே, ஏன் நிறுத்துகிறீர்கள்?" என்று மகன் கேட்கிறார். நியாயமான வினாவே. மருத்துவ உலகமும் இதே வினாவை எழுப்பி, பல்லாயிரம் நோயாளிகளிடம் ஆராய்ந்து விடை கண்டது.

1998ஆம் ஆண்டில் வெளியான அமெரிக்க ஆய்வொன்றில், இதயநோயும் உடைய 1233 டயாலிசிஸ் நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்கு இயல்பு நிலையை எட்டும்வரை மருந்தளித்தனர். அப்பிரிவில் நன்மை காணப்படவில்லை. உயிரிழப்பும் மாரடைப்பும் மிகக்கூடும் என்னும் அச்சம் எழுந்தமையால் ஆய்வு இடையிலேயே நிறுத்தப்பட்டது. 2006ஆம் ஆண்டில் வெளியான ஆய்வில், டயாலிசிஸ் நிலையை அடையாத 1432 நோயாளிகளுள் 13.5 கிராமை இலக்காகக் கொண்ட பிரிவினர், 11.3 கிராமை இலக்காகக் கொண்டவரைவிட மிகுதியாக இறப்பு, இதயத் தளர்ச்சி முதலியவற்றுக்கு உள்ளாயினர். 2009ஆம் ஆண்டில் வெளியான மற்றொன்று, நீரிழிவும் சிறுநீரக நோயும் உடைய 4038 பேரிடம் நிகழ்ந்தது. 13 கிராமை இலக்காகக் கொண்டு மருந்து பெற்ற பிரிவில் 101 பேர்க்கும், மற்றப் பிரிவில் 53 பேர்க்கும் மூளைத்தாக்கால் பக்கவாதம் வந்தது. ஏறத்தாழ இருமடங்கு.

சிவப்பணுக்கள் செறிந்தால் குருதி தடிப்பாகிறது, குருதிக்கொதிப்பு உயர்கிறது, குழாய்களுக்குள் குருதி உறையும் இயல்பு மிகுகிறது, மிகுந்த அளவு மருந்தே தீங்கிழைக்கலாம் என்றும் ஆய்வாளர் கருதுகின்றனர். நலமான உடலில் மதகு தானே மூடிக்கொள்கிறது. ஊசியால் வரும் ஆணைக்கு அத்தகைய தடையில்லை. அதனை மூடும் கை மருத்துவருடையதாகவே இருத்தல் வேண்டும். மிதிவண்டிப் பந்தயம் முதலிய விளையாட்டுகளில் வலிமைக்காக நலமானோரும் இதனைக் களவாக இட்டுக்கொண்டதும், 1990ஆம் ஆண்டில் அனைத்துலக ஒலிம்பிக் குழு இதனைத் தடைசெய்ததும், 2000ஆம் ஆண்டுச் சிட்னிப் போட்டியில் இதனைக் கண்டறியும் சோதனை நடைமுறைக்கு வந்ததும் ஈண்டு நினைக்கத்தக்கன.

இவற்றின் பயனாக 2007ஆம் ஆண்டில் அமெரிக்காவில் இம்மருந்தின்மீது கட்டமிட்ட கடும் எச்சரிக்கை பொறிக்கப்பட்டது. 2011ஆம் ஆண்டில் மேலும் இறுக்கப்பட்டது. அதன்படி ஹீமோகுளோபின் 10 கிராமுக்குக் குறைந்த பின்னரே மருந்தைத் தொடங்கக் கருதவேண்டும். டயாலிசிஸ் நோயாளிக்கு 11 கிராமை நெருங்கினால் குறைக்கவோ இடைநிறுத்தவோ வேண்டும். குருதி ஏற்றும் தேவையைத் தவிர்க்கப் போதுமான மிகக் குறைந்த அளவே கொடுக்கவேண்டும். 2012ஆம் ஆண்டில் வெளியான உலகச் சிறுநீரக வழிகாட்டு நெறிகள், பொதுவாக 11.5 கிராமுக்கு மேல் பேண வேண்டா என்றும், 13 கிராமுக்கு மேல் வலிந்து உயர்த்தலாகாது என்றும் உரைத்தன. மகனின் வினாவுக்கு விடை இதுவே: 14 என்னும் எண் அழகியது, அதனை எட்டுதற்குக் கொடுக்கும் விலையோ தந்தையின் உயிராக இருக்கக்கூடும்.

மருத்துவர் செய்வன

ஊசியைத் தொடங்குமுன் மருத்துவர் சோகையின் வேறு காரணங்களைத் தேடுவார். குடலில் குருதிக்கசிவு உண்டா, பி12, ஃபோலிக் அமிலம் ஆகிய சத்துகள் குறைவா, தொற்று ஏதும் உள்ளதா என நோக்குவார். இரும்பின் இருப்பைக் காட்டும் ஃபெரிட்டின், டிரான்ஸ்ஃபெரின் நிறைவு என்னும் இரு சோதனைகள் இன்றியமையாதன. கொத்தனாரை வரவழைத்துச் செங்கல் தராவிட்டால் சுவர் எழாது. ஊசி கொத்தனார், இரும்பு செங்கல். இரும்பு குறைவாயின் மாத்திரையாகவோ சிரைவழியாகவோ அதனை நிறைவு செய்தபின்னரே ஊசி முழுப்பயன் தரும். சிரைவழி இரும்பு சிலர்க்கு ஒவ்வாமையை விளைவிக்கக்கூடும். ஆதலின் அதனை மருத்துவமனையிலேயே ஏற்றிக்கொள்ள வேண்டும். கடுந்தொற்று உள்ளபோது அதனைத் தவிர்ப்பர்.

கட்டுக்கடங்காத குருதிக்கொதிப்பு உடையவர்க்கு, அது அடங்கும்வரை இவ்வூசி இடலாகாது. முன்பு பக்கவாதமோ புற்றுநோயோ வந்தவராயின் அதனை மறையாது சொல்லுதல் வேண்டும். புற்றுநோயாளர் சிலரிடம் இம்மருந்து வாழ்நாளைக் குறைத்தமை ஆய்வுகளில் தெரியவந்துள்ளமையால், நன்மை தீமைகளை நிறுத்துப் பார்த்தே மருத்துவர் முடிவு செய்வார்.

தொடங்கியபின் ஹீமோகுளோபினை முதலில் வாரந்தோறும், நிலைபெற்றபின் மாதம் ஒருமுறையேனும் பார்த்தல் மரபு. இரு வாரங்களுள் 1 கிராமுக்கு மேல் விரைந்து ஏறுமாயின் அதனைக் கண்டு மகிழ்தல் கூடாது. மருந்தைக் குறைக்கவேண்டிய அடையாளம் அது. பயன் தெரிய இரண்டு முதல் ஆறு வாரம் ஆகும். ஆகவே உடனடியாக உயிர்காக்கக் குருதி ஏற்றவேண்டிய இடத்தில் இவ்வூசி அதற்கு மாற்றாகாது. பயன் தெரியவில்லையெனில் அளவை மேன்மேலும் உயர்த்தாமல், இரும்புக்குறைவு, மறைந்த தொற்று, குருதிக்கசிவு, போதாத டயாலிசிஸ் என்னும் தடைகளைத் தேடுவதே முறை.

மருந்தைப் பேணல்

இது புரதமருந்து, சூட்டாலும் உறைபனியாலும் குலுக்கலாலும் கெடும். 2 முதல் 8 பாகை செல்சியசு வெப்பநிலையில், குளிர்ப்பெட்டியின் நடுத்தட்டில், ஒளிபடாமல் அதன் அட்டைப்பெட்டியிலேயே வைக்கவேண்டும். பனிக்கட்டி அறையில் வைத்தலாகாது. உறைந்து உருகிய மருந்தை எறிந்துவிட வேண்டும். கடையிலிருந்து கொண்டுவரும்போது பனிக்கட்டியோடு நேரே ஒட்டாதபடி துணியிலோ தாளிலோ சுற்றி எடுத்து வருதல் நன்று. நெடுநேரம் மின்சாரம் தடைப்பட்டிருந்தால் அம்மருந்தைப் பயன்படுத்தலாமா என்பதை மருந்தாளுநரிடம் கேட்டறிதல் வேண்டும். கலங்கியோ துகள்படிந்தோ காணப்படின் பயன்படுத்தலாகாது. ஒருமுறைப் பயன்பாட்டுக்குரிய குப்பியில் எஞ்சியதை மறுமுறைக்கு எடுத்துவைத்தல் தொற்றுக்கு வழிவகுக்கும்.

இவ்வளவு பேணல் எதற்கு என்பதற்கு ஒரு வரலாறு உண்டு. 2002ஆம் ஆண்டில் பிரான்சு நாட்டு மருத்துவர்கள் 13 நோயாளிகளின் நிலையை வெளியிட்டனர். ஊசியால் நலம்பெற்று வந்தவர்களின் உடல், அம்மருந்தையே பகையெனக் கருதி எதிர்ப்பொருளை உண்டாக்கியது. அவ்வெதிர்ப்பொருள் ஊசிமருந்தோடு நில்லாது, உடலில் எஞ்சியிருந்த இயற்கைக் குருதியாக்கியையும் செயலிழக்கச் செய்தது. மச்சையில் சிவப்பணு உருவாவது அறவே நின்றது. ஐரோப்பாவில் தோலடியாக இடப்பட்ட ஒருவகை மருந்தில் 1998ஆம் ஆண்டு செய்யப்பட்ட சேர்மான மாற்றத்திற்குப் பின்னரே இத்தகைய நிகழ்வுகள் பெருகின. சேர்மானமும் பேணும் முறையும் சிறிது பிறழினும் இப்புரதம் குணம் மாறும் என்னும் பாடத்தை அது உணர்த்திற்று. நன்கு பயன்பட்டு வந்த மருந்து திடீரெனப் பயனற்று ஹீமோகுளோபின் விரைந்து வீழுமாயின், உடனே நிறுத்தி மருத்துவரைக் காணவேண்டும். இந்நிலையில் வேறு நிறுவனத்தின் இதே இன மருந்துக்கு மாறுவதும் கேடே. ஒவ்வொரு முறையும் இடப்பட்ட மருந்தின் வணிகப்பெயரையும் தொகுதி எண்ணையும் குறித்துவைப்பது இதனால்தான் வேண்டப்படுகிறது.

நோயாளி அறிய வேண்டுவன

டயாலிசிஸ் செய்துகொள்வோர்க்குப் பெரும்பாலும் அக்கருவியின் குழாய்வழியே சிரையில் இம்மருந்து செலுத்தப்படும். மற்றவர்க்குத் தோலடியில், வயிற்றுப்புறத்திலோ தொடையின் முன்புறத்திலோ மேற்கையின் புறப்பகுதியிலோ இடுவர். ஒவ்வொரு முறையும் இடத்தை மாற்றுதல் வேண்டும். வீட்டில் இட்டுக்கொள்வோர் செவிலியரிடம் முறையாகப் பழகிய பின்னரே தொடங்கவேண்டும். குளிர்ந்த மருந்தைச் சற்றுநேரம் வெளியில் வைத்து இட்டால் வலி குறையும்; வெந்நீரில் சூடாக்கலாகாது.

மிக முதன்மையானதோர் எச்சரிக்கை உண்டு. இன்சுலினும் அலகுகளால் அளக்கப்படுகிறது. இம்மருந்தும் அலகுகளால் அளக்கப்படுகிறது. இரண்டும் ஒன்றல்ல. இன்சுலின் ஊசிக்குழலில் பொறித்த கோடுகள் இன்சுலினுக்கே உரியன. நீரிழிவும் சிறுநீரக நோயும் ஒரே உடலில் உறையும் நம் வீடுகளில், ஒன்றன் குழலால் மற்றொன்றை அளந்தால் பெரும்பிழை நேரும். இயன்றவரை, அளவு நிரப்பி வரும் குழல்மருந்தையே பயன்படுத்துதல் பாதுகாப்பானது. ஒருநாள் ஊசி தவறினால் மறுநாள் இரட்டிப்பாக இடலாகாது; மருத்துவமனையைக் கேட்டு நடக்கவேண்டும்.

ஊசியால் தெம்பு வந்தவுடன் குருதிக்கொதிப்பு மாத்திரையைக் கைவிடுவோர் உண்டு. அப்போதுதான் அது மிகுதியாகத் தேவைப்படுகிறது. நாடோறும் குருதிக்கொதிப்பைப் பார்த்துக் குறித்து வைக்கவேண்டும். கடுந்தலைவலி, பார்வை மங்கல், வலிப்பு, கைகால் தளர்ச்சி, வாய்குழறல், நெஞ்சுவலி, மூச்சுத்திணறல், ஒரு காலில் மட்டும் வீக்கமும் வலியும், தோலில் கொப்புளம் ஆகியவற்றுள் ஒன்று தோன்றினும் காலந்தாழ்த்தாது மருத்துவமனை செல்லவேண்டும். டயாலிசிசுக்காகக் கையில் அமைத்த குருதிக்குழாய் இணைப்பின்மீது நாள்தோறும் விரல் வைத்துப் பார்த்தல் வேண்டும். அங்கு உணரப்படும் அதிர்வு நின்றுவிட்டால் குருதி உறைந்திருக்கக்கூடும்.

உடனிருப்போர் கடமை

நான்காம் உறுப்பாகிய உடனிருப்போரின் அன்பு சிலபோது அளவு கடக்கிறது. முகம் வெளுத்திருக்கிறது என்று முருங்கைக்கீரைச் சாறும், பேரீச்சம்பழமும், மாதுளையும், பீட்ரூட்டும், ஆட்டு ஈரலும், சுவரொட்டியும் கொடுக்க முனைகின்றனர். நலமானவர்க்கு இவை நல்லுணவே. சிறுநீரகம் செயலிழந்தவர்க்கோ, காய்கனி கீரைகளில் உள்ள பொட்டாசியம் வெளியேற வழியின்றித் தேங்கி இதயத் துடிப்பையே நிறுத்திவிடக்கூடும். ஈரல் முதலியவற்றில் உள்ள பாசுபரம் எலும்பையும் குழாய்களையும் கெடுக்கும். இவர்தம் சோகை பெரும்பாலும் உணவின்மையால் வந்ததன்று, ஆணையின்மையால் வந்தது. ஆதலின் உணவு வல்லுநரைக் கேளாமல் எதனையும் மிகுதியாகக் கொடுத்தலாகாது.

குறிப்பேடு ஒன்று வைத்து, ஊசி இட்ட நாள், அளவு, மருந்தின் பெயர், குருதிக்கொதிப்பு, மாதந்தோறும் ஹீமோகுளோபின் ஆகியவற்றைத் தமிழில் எழுதி வருதல் உடனிருப்போர் செய்யத்தக்க பேருதவி. மருத்துவர் மாறினும் ஊர் மாறினும் அவ்வேடு உண்மையுரைக்கும். பயன்படுத்திய ஊசிமுனைகளைக் குப்பையில் எறியாது, மூடியுள்ள தடித்த புட்டியில் சேர்த்து மருத்துவமனையில் ஒப்படைத்தல் துப்புரவுப் பணியாளரின் கைகளைக் காக்கும்.

பணச்சுமை பற்றியும் ஒரு சொல். வாங்க இயலாதபோது ஊசியைத் தாமே நிறுத்துவதும், ஒருவர்க்கு எஞ்சியதை மற்றவர் பெறுவதும் நடைபெறுகின்றன. அவ்வாறு செய்யாது இயலாமையை மருத்துவரிடம் வெளிப்படையாகக் கூறினால், விலை குறைந்த இந்தியத் தயாரிப்புகளுக்கோ அரசு மருத்துவமனை வழிக்கோ அவர் ஆற்றுப்படுத்துவார். கேட்பதற்கு நாணி உயிரை இழத்தல் அறிவுடைமை ஆகாது.

புதிய வழிகள்

உடல் உயிர்வளிக் குறைவை எங்ஙனம் உணர்கிறது என்பதைக் கண்டறிந்தமைக்காக வில்லியம் கேலின், பீட்டர் ராட்கிளிஃப், கிரெக் செமென்சா ஆகிய மூவர்க்கு 2019ஆம் ஆண்டில் மருத்துவ நோபல் பரிசு வழங்கப்பட்டது. அவ்வறிவின் வழியே, உடலைத் தானே குருதியாக்கியைச் சுரக்கத் தூண்டும் மாத்திரைகள் தோன்றியுள்ளன. இந்தியாவில் உருவான டெசிடுஸ்டாட் என்னும் மாத்திரை 2022ஆம் ஆண்டில் இங்கு ஒப்புதல் பெற்றது. வாரம் மும்முறை இடவேண்டியிருந்த ஊசிக்கு மாற்றாக, வாரம் ஒருமுறையோ அதற்கும் மேற்பட்ட இடைவெளியிலோ இடத்தக்க டார்பிபாய்ட்டின் 2001ஆம் ஆண்டு முதலே மருத்துவப் பயன்பாட்டில் உள்ளது. மாத்திரையாயினும் ஊசியாயினும் அளவு என்னும் விதியிலிருந்து விலக்குப் பெற்றது எதுவும் இல்லை.

முடிவுரை

சிறுநீரக நோயாளியின் சோகைக்குக் குருதியாக்கி ஊசி ஏற்ற மருந்து. காரணம் அறிந்து, இரும்பை நிறைவு செய்து, குருதிக்கொதிப்பை அடக்கி, குறைந்த அளவில் தொடங்கி, மெல்ல உயர்த்தி, 10 முதல் 11 கிராம் அளவில் மனநிறைவு கொள்வதே அதன் பாதுகாப்பான நெறி. மருந்தைக் குளிரில் பேணுவதும், தவறாது சோதித்துக் குறித்து வைப்பதும், அறிகுறி கண்டவுடன் விரைவதும் வீட்டார் கையில் உள்ளன.

இம்மலரைப் படிக்கும் மாணவர்களிடம் ஒன்று வேண்டுகிறோம். உங்கள் வீட்டிலோ தெருவிலோ டயாலிசிஸ் செய்துகொள்ளும் ஒருவர் இருப்பாராயின், அவர்தம் மருந்துப் பெட்டியில் உள்ள தாளை ஒருமுறை அவரோடு அமர்ந்து படித்து, அதன் பொருளைத் தமிழில் எடுத்துச் சொல்லுங்கள். ஐயம் தோன்றும் இடங்களைக் கோடிட்டு, அடுத்தமுறை மருத்துவரிடம் கேட்கச் செய்யுங்கள். உரைசொல்லும் பயிற்சியை வகுப்பறையில் பெற்றவர்கள் நீங்கள். அவ்வுரை கேட்கக் காத்திருப்போர் வகுப்பறைக்கு வெளியேயும் உளர்.